இளவேனில் கேட்கச் சொன்ன கேள்வி

ராஜ்மோகன் இளவேனிலை முதன்முதலில் பார்த்தது கல்லூரித் தண்ணீர்க் குழாயடியில். பி.ஏ. பொருளாதாரம் முதலாண்டு தொடங்கிய புதிது. கடைசி மணி அடித்ததும் எல்லோரும் பஸ்ஸுக்கு ஓட, ஒருத்தி மட்டும் கூட்டத்துக்கு எதிராக நடந்து, மாடிப்படிக்குக் கீழே இருந்த சுத்திகரித்த குடிநீர்க் குழாய்க்குப் போனாள். பையிலிருந்து பழைய குளிர்பான பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து நிரப்பினாள். எல்லா மூடியிலும் சிவப்பு நகச்சாயத்தில் ஒரு பொட்டு. ஒரு வாய் குடித்துவிட்டு ஓடலாம் என்று வந்த ராஜ்மோகன் அவள் பின்னால் நின்று நின்று பொறுமை இழந்தான்.

"என்னங்க, வீட்டுக்கு லைன் இழுக்குறீங்களா?"

"ஆமாங்க," என்றாள் அவள், திரும்பாமலே. "மோட்டார்தான் இன்னும் வரலை. உங்களை மாதிரி யாராச்சும் பின்னாடி நின்னு தள்ளிவிட்டா நல்லாருக்கும்."

பஸ் போய்விட்டது, இரண்டு பேருக்குமே. அடுத்த பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில்தான் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். அவன் விழிதியூர். நெல் சாகுபடிக் குடும்பம். அவர்கள் தெருவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான் என்பதைக் கேட்காமலே சொன்னான். அவள் கோட்டுச்சேரிமேட்டுக்குப் பக்கத்துச் சின்ன மீனவக் குப்பம். அவளும் அங்கே முதல் ஆள்தான். ஆனால் அவன் இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் அதைச் சொன்னாள்.

வாய்க்காலில் ஆற்றுத் தண்ணீர் வராத வருஷங்களை ராஜ்மோகனுக்குத் தெரியும். குடிக்கத் தண்ணீர் இல்லாத வீட்டை அவனுக்குத் தெரியாது. இளவேனிலின் குப்பத்தில் கைப்பம்புகள் ஒவ்வொன்றாக உப்பாகிக்கொண்டு வந்தன. அவள் பள்ளிக்கூடம் போன நாளில் கோயிலடிப் பம்பு மட்டும் நல்ல தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் உப்பு. தண்ணீர் வண்டி வந்தால் வரும். இல்லாவிட்டால் கோட்டுச்சேரியிலிருந்து கேன் வாங்க வேண்டும். அம்மா சௌந்தரவல்லி மீன் கூடை சுமந்து தெருத்தெருவாக விற்கிறவள். அவளுக்குச் சிறுநீரகத்தில் கல்.

"நல்ல தண்ணியா நிறையக் குடிங்கம்மான்னாரு டாக்டரு," என்றாள் இளவேனில். "மாத்திரையை ஆஸ்பத்திரியிலயே சும்மா குடுத்துட்டாங்க. தண்ணிக்குத்தான் வெளியில எழுதிக் குடுத்துட்டாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் பேச்சே அப்படித்தான். எதையும் ஒரு கேலியில் முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவாள். வகுப்புப் பையன்கள் அவளுக்கு 'வாட்டர் போர்டு' என்று பெயர் வைத்தார்கள். "பில்லு கட்டுனீங்களாடா?" என்று கேட்டுக்கொண்டே பாட்டில்களோடு அவர்களைத் தாண்டிப் போவாள்.

மூன்றாம் ஆண்டில் ஆன்-சோஃபி மேடம் அந்த அறிவிப்பைக் கொண்டுவந்தார். காரைக்காலின் பழைய பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம் அவருடையது. அப்பாவுக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன், அண்ணன் பாரிஸ் பக்கத்தில் குடியேறிவிட்டார். மேடம் மட்டும் இங்கேயே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அண்ணன் ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்று இளங்கலை மாணவர்களுக்கென்று ஓர் ஆய்வரங்கம் நடத்துகிறது; உலக வளர்ச்சிச் சிக்கல்கள் தலைப்பு. கென்யாவிலும் பெருவிலும் வங்கதேசத்திலும் மாணவர்கள் தங்கள் ஊருக்குப் போய் ஒரே கேள்வித்தாளை வைத்துக் கேட்டு அறிக்கை அனுப்புவார்கள். நல்ல அறிக்கைகளை எழுதியவர்கள் திரையில் வந்து பேசலாம்.

"குடிநீர்னு ஒரு பிரிவு இருக்கு," என்று மேடம் முடிப்பதற்குள் இளவேனில் எழுந்து நின்றுவிட்டாள்.

அவளுக்கு அதில் வேறொரு கணக்கும் இருந்தது. கரையோரக் குப்பங்களில் ஒன்றில் உப்பு நீக்கும் நிலையம் வைக்கப் போகிறார்கள், எந்த ஊருக்கு என்று இன்னும் முடிவாகவில்லை என்ற பேச்சு அப்போது அடிபட்டது.

"தண்ணி உப்பா இருக்குன்னு நாங்க சொன்னா அது அழுகை," என்றாள் ராஜ்மோகனிடம். "அதையே காலேஜு சொன்னா புள்ளிவிவரம். ஒரு தடவை நம்பரா எழுதிக் குடுத்துட்டோம்னு வையி, அம்மா இந்த பாட்டிலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க வேணாம்."

மேடம் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. குப்பத்துக்குள் இளவேனில் கேள்வி கேட்கப் போகக் கூடாது.

"சொந்த ஊர்ல சொந்தக்காரங்ககிட்ட கேட்டா அது ஆராய்ச்சி இல்லைம்மா, வீட்டு விசேஷம். மத்தவங்க போகட்டும். நீ திட்டம் போடு. எந்தத் தெரு, எந்த வீடு, எந்த நேரம், எல்லாத்தையும் நீ முடிவு பண்ணு."

அவள் வரைபடம் போட்டாள். மூன்று வீட்டுக்கு ஒரு வீடு. நேரத்தை முடிவு செய்ததும் அவள்தான். குப்பத்துப் பெண்கள் விடியுமுன் கூடையோடு கிளம்பிவிடுவார்கள். மதியம் திரும்பினால் கூடையை அலசிவிட்டு ஒரு தூக்கம். வீட்டில் பிடிக்க வேண்டுமென்றால் பொழுது சாயும் நேரம்தான் என்று கணக்குப் போட்டாள். அந்த ஊரில் பிறந்தவளைத் தவிர வேறு யாருக்கும் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்காது. கல்லூரி விட்டு பஸ் பிடித்துப் போகிறவர்களுக்கும் அது தோதாக இருந்தது.

அந்தச் சாயங்காலங்களில் இளவேனில் கோட்டுச்சேரி நூலகத்தில் உட்கார்ந்திருந்தாள். ராஜ்மோகனும் இன்னும் சில பையன்களும் கேள்வித்தாளோடு குப்பத்துக்குள் போனார்கள். திருமலைராயன்பட்டினத்திலிருந்து வந்து படித்த ஜன்னத்தும் உண்டு. அவள் அந்தி நேர மஃரிபு தொழுகைக்கு வீடு போய்ச் சேர வேண்டும் என்பதால் மதிய வகுப்பை மட்டம் போட்டுவிட்டு முன்னதாகவே போய், கண்ணில் பட்ட சில வீடுகளைக் கேட்டுவிட்டு வெயில் இருக்கும்போதே பஸ் ஏறிவிடுவாள்.

மற்றவர்கள் போகும் நேரத்தில் குப்பம் பளிச்சென்று இருக்கும். வாசல் தெளித்து, தலை வாரி, விளக்கேற்றிவிட்டுப் பெண்கள் வாசலுக்கு வருவார்கள்.

"அக்கா, உங்க வீட்டுல இன்னைக்குக் குடிக்கப் போதுமான தண்ணி இருக்குங்களா?"

"இருக்கு தம்பி."

"நேத்து இருந்துச்சுங்களா?"

"நேத்தும் இருந்துச்சு. நின்னுக்கிட்டே கேக்குறீங்களே, உள்ள வந்து உக்காருங்க. ஏ புள்ள, தம்பிக்குக் குடிக்கத் தண்ணி கொண்டா."

எதிர்வீட்டுக்காரி அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: "தண்ணி இருக்கா, கக்கூஸ் இருக்கா, வீட்டுல எத்தனை பேருன்னு ஒண்ணுவிடாம கேக்குறீங்களே தம்பி. பொண்ணு கிண்ணு பாக்குறீங்களா? என் பொண்ணு அஞ்சாவதுதான் படிக்குது. கொஞ்சம் பொறுத்துக்கணும்."

தெருவே சிரித்தது. ராஜ்மோகன் காது சிவக்க அடுத்த வீட்டுக்கு நடந்தான். அந்த வீட்டிலும் இருக்கிறது என்றார்கள். அதற்கடுத்த வீட்டிலும். கடைசித் தெருவில் மெலிந்த, நடக்கும்போது இடுப்பில் கை வைத்துக்கொள்கிற ஓர் அம்மாள், விளக்குக்கு எண்ணெய் விட்ட விரலைத் தலையில் தடவிக்கொண்டே வந்து, "தண்ணிக்கென்ன தம்பி, இருக்கு," என்றார். சொம்பில் ஊற்றியும் கொடுத்தார். குடித்து நிமிர்ந்தபோது அலமாரியில் பாட்டில்கள் தெரிந்தன. மூடியில் சிவப்புப் பொட்டு. இது இளவேனில் வீடு, அவன் குடித்தது அவள் பஸ்ஸில் சுமந்து வந்த தண்ணீர். அவன் கேள்வித்தாளில் 'இருக்கிறது' என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டுக் கும்பிட்டு வெளியே வந்தான். அந்த அம்மாவே சொன்ன பதில் ஆயிற்றே.

கூட்டிப் பார்த்தபோது பத்து வீட்டுக்கு எட்டு வீடு தண்ணீர் போதும் என்றது.

இளவேனில் முதலில் சிரித்தாள். "எந்த ஊருக்குடா போயிட்டு வந்தீங்க?"

பிறகு அவள் தாள்களை வாங்கிப் புரட்டினாள். ஜன்னத் கேட்ட சில வீடுகள் மட்டும் இல்லை என்றிருந்தன. மற்றதெல்லாம் இருக்கிறது, இருக்கிறது, இருக்கிறது.

மறுநாள் மதியம் ராஜ்மோகனை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். சௌந்தரவல்லி அப்போதுதான் கூடையை இறக்கியிருந்தாள்.

"அடடே, அன்னிக்கு வந்த தம்பிதானே? வாங்க வாங்க."

"அம்மா, இவன் தண்ணி இருக்கான்னு கேட்டப்ப இருக்குன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"ஏம்மா சொன்ன?"

"பின்ன என்ன சொல்லுவாங்க? வெளக்கை ஏத்தி வச்சிட்டுத் திரும்புறேன், வாசல்ல வந்து நிக்குது தம்பி. தண்ணி இருக்காங்குது. வெளக்கு வச்ச நேரத்துல வாயத் தொறந்து இல்லேன்னு எந்தப் பொம்பளைடி சொல்லுவா? வீடு வெளங்குமா?"

"குடம் காலியா இருந்துச்சும்மா."

"காலியாத்தான் இருந்துச்சு. அதுக்காக?"

இளவேனில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ராஜ்மோகனுக்கும் அந்த நொடியில்தான் உறைத்தது. விழிதியூரில் அவன் அம்மாவும் அந்தி நேரத்தில் தயிர் கேட்டு வருகிறவர்களிடம் இல்லை என்று சொன்னதே கிடையாது. "காலையில வாங்கக்கா," என்பாள். எண்ணெய் தீர்ந்தாலும் அப்படித்தான், அரிசி தீர்ந்தாலும் அப்படித்தான். அந்தச் சொல் அந்த நேரத்தில் வீட்டுக்குள் வரக் கூடாது. குப்பத்தில் பிறந்தவள் போட்ட திட்டம், கிராமத்தில் வளர்ந்தவன் கேட்ட கேள்வி. இரண்டு பேர் வீட்டிலும் தினமும் விளக்கு ஏற்றுகிறார்கள். பாடப்புத்தகத்தில் மாதிரி எடுக்கும் முறைகள் அத்தனையும் இருந்தன. இது இல்லை.

மகளின் முகத்தைப் பார்த்த சௌந்தரவல்லிக்கு ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று மட்டும் புரிந்தது.

"அதுக்கு ஏண்டி இப்படி உக்காந்துட்ட? இப்ப பட்டப்பகல்தானே, இப்ப கேக்கச் சொல்லு. இல்லை. இல்லவே இல்லை. எழுதிக்குங்க தம்பி."

ராஜ்மோகனின் கையில் எழுத எதுவும் இல்லை.

ஆன்-சோஃபி மேடம் அன்று காலையிலேயே அறிக்கையை அனுப்பியிருந்தார். கடைசித் தேதி. இளவேனில் சொன்னதைப் பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஜன்னத் கேட்ட வீட்டைப் பாருங்க மேடம். பகல்ல கேட்ட வீடெல்லாம் இல்லைன்னுதான் சொல்லுது."

"அது நாலைஞ்சு வீடும்மா. அதை வச்சு மொத்தத்தையும் தப்புன்னு சொல்ல முடியாது. நமக்குப் பிடிச்ச பதில் வரலைங்கிறதுக்காகத் திருப்பிக் கேட்டோம்னு ஆயிடும்." பிறகு அவர் குரல் இறங்கியது. "மாலை நேரத்தில் எடுக்கப்பட்டதுன்னு ஒரு அடிக்குறிப்பு சேக்கச் சொல்லி எழுதுறேன். நீ திரையில பேசும்போது விளக்கிச் சொல்லு."

அவள் விளக்கிச் சொன்னாள். பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு, வராத ஆங்கிலத்தை வரவழைத்து, எங்கள் முடிவு தவறு, எங்கள் ஊரில் தண்ணீர் இல்லை, பெண்கள் 'இருக்கிறது' என்றது இதனால்தான் என்று கேமராவைப் பார்த்துச் சொன்னாள். திரையில் கட்டம் கட்டமாக இருந்த முகங்கள் மலர்ந்தன. மிகச் சுவாரசியமான பண்பாட்டுத் தகவல் என்றார் ஒருவர். பற்றாக்குறையிலும் மனநிறைவோடு வாழும் மக்கள் என்றார் இன்னொருவர். அவள் மறுக்க வாய் திறப்பதற்குள் நேரம் முடிந்து, பெரு நாட்டு மாணவர்கள் திரைக்கு வந்துவிட்டார்கள். கைதட்டல் மட்டும் கேட்டது.

அறிக்கைக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். மேடம் நடுவில், இரு பக்கமும் மாணவர்கள். ராஜ்மோகனின் அப்பா விழிதியூரிலிருந்து பைக்கில் வந்து, மகன் படத்துக்கு நேராக நின்று, வாட்ச்மேனிடம் போனைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். அவரிடம் எதையும் சொல்ல ராஜ்மோகனுக்கு மனம் வரவில்லை. இளவேனில் அந்த வாரம் முழுவதும் பின்வாசல் வழியாகப் போய்வந்தாள். பாட்டில்களை மட்டும் நிரப்பத் தவறவில்லை. 'வாட்டர் போர்டு' என்று யாரோ கூப்பிட்டபோது பதில் சொல்லாமல் போனாள். அன்றிலிருந்து யாரும் அப்படிக் கூப்பிடவில்லை.

கடைசித் தேர்வு முடிந்த கையோடு சேதி வந்தது. உப்பு நீக்கும் நிலையம் வேறொரு குப்பத்துக்கு முடிவாகப் போகிறது.

இளவேனில் மறுபடி தாள் அச்சடித்தாள். இந்த முறை அவளே போனாள், நல்ல வெயிலில், கூடை இறக்கி வந்த பெண்களிடம். ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் உத்திராபதி அவளுக்குப் பெரியப்பா முறை.

"எத்தனை தடவைடி கேப்பீங்க?" என்று முதலில் சலித்துக்கொண்டார். பிறகு அவரே வீடு வீடாகக் கூட வந்தார். "இந்தப் புள்ள கேக்குறதுக்கு உள்ளதைச் சொல்லுங்க. வெக்கப்படாதீங்க."

எல்லா வீடும் இல்லை என்றது. கேலி செய்த எதிர்வீட்டுக்காரி காலிக் குடத்தையே தூக்கி வந்து கவிழ்த்துக் காட்டினாள்.

தாள்களோடு குடிநீர்த் திட்ட அலுவலகத்துக்குப் போனபோது ராஜ்மோகனும் போனான். அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், படித்தார்.

"தண்ணி உப்புன்னு எங்களுக்கும் தெரியும்மா. இந்தக் கரை முழுக்க உப்புதான். எல்லா ஊருக்கும் வைக்கப் பணமில்லை. எந்த ஊருல தட்டுப்பாடு ஜாஸ்திங்கிறதுதான் கேள்வி. அதுக்கு உங்க காலேஜே அனுப்பி வச்ச அறிக்கையைத்தான் வச்சிருக்கோம்." மேசை இழுப்பறையிலிருந்து அதை எடுத்து, புதுத் தாள்களுக்குப் பக்கத்தில் வைத்தார். "இதுலயும் உங்க பேரு. அதுலயும் உங்க பேரு. ஒரே ஊரு, ஒரே கேள்வி, ரெண்டு பதிலு. நான் எதை மேல அனுப்ப?"

"இதுதான் சார் உண்மை. அது சாயங்காலம் கேட்டது. வெளக்கு வச்ச நேரம்."

"அதை நான் எப்படிம்மா ஃபைல்ல எழுதுவேன்?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அது வெளியாளுங்க போய்க் கேட்டது, பேராசிரியர் கையெழுத்து இருக்கு, வெளிநாட்டுல பாராட்டியிருக்காங்க. இது அந்த ஊருப் பொண்ணு, ஊருத் தலைவரைக் கூட வச்சுக்கிட்டுக் கேட்டது. நீங்களே படிச்சவங்க. சொல்லுங்க."

அவர் சொன்னது சரி என்று இளவேனிலுக்குத் தெரிந்திருந்தது. அப்படித்தான் மேடம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அப்படித்தான் அவள் தேர்வில் எழுதி முதல் மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

வெளியே வந்ததும் ராஜ்மோகன் எதையாவது பேச வேண்டுமே என்று, "மேல போய்ப் பாப்போமா?" என்றான்.

"எதை எடுத்துக்கிட்டு?" என்றாள். பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

ஊர் அவளைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஒருவரும் திட்டவில்லை. "நாங்க சொன்னதைத்தானே அந்தப் பசங்க எழுதுனாங்க, நீ என்னடி பண்ணுவ?" என்றார்கள். உத்திராபதி, "அடுத்த தடவை வரும்," என்றார். அந்தத் தாள்களை அவள் அம்மா அடுப்படிக் கூரையில் செருகி வைத்திருந்தாள். மழைக்காலத்தில் அவை ஊறி உதிர்ந்தன. அந்த மழையில்தான் சௌந்தரவல்லிக்கு வலி கூடி, ஒரு சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று சொன்னார்கள்.

ஒருநாள் ராஜ்மோகன் பார்க்கப் போயிருந்தான். பொழுது சாய்ந்திருந்தது. எழுந்து நடக்க முடியாத சௌந்தரவல்லி மகளிடம் விளக்கேற்றச் சொன்னாள். ஏற்றினாள். வந்தவனுக்குத் தண்ணீர் கொடு என்றாள் அம்மா. இளவேனில் குடத்தைச் சாய்த்துப் பார்த்தாள். அலமாரிப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். கல்லூரி முடிந்துவிட்டதால் அவையும் காலி.

"தண்ணி..." என்று தொடங்கினாள்.

சௌந்தரவல்லி படுத்தபடியே தலையைத் திருப்பி மகளைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

"இரு, வாங்கிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு இளவேனில் பக்கத்து வீட்டுக்குப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் ராஜ்மோகன் எழுந்து போய்விட்டான். போகும்போது, தாகமில்லை என்று சௌந்தரவல்லியிடம் சொல்ல நினைத்து, அதிலும் ஓர் 'இல்லை' இருப்பதால், வரேங்கம்மா என்று மட்டும் சொன்னான்.

இளவேனில் எம்.ஏ. சேரவில்லை. இப்போது காரைக்காலில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். வேலை முடிந்து போகும்போது கோட்டுச்சேரியில் இறங்கி ஒரு கேன் வாங்கி, ஷேர் ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோகிறாள். இன்னொரு சிறுநீரகமும் பழுதாகி, அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை ரத்தம் சுத்திகரிக்கிறார்கள். குப்பத்துக்குத் தண்ணீர் வண்டி வந்தால் வருகிறது.